பள்ளியும் ஊரும் சேர்ந்து நடத்தும் மனநல ஆதரவுச் சேவை: கடலூரிலிருந்து ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கடலூர்க் கரையோரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியும் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து வளரிளம் பருவத்தினருக்கான மனநல ஆதரவுச் சேவை ஒன்றை நடத்தி வருகின்றன. என் மகள் அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். என் அக்கா மகன் அங்கேயே பத்தாம் வகுப்பை முடித்து இப்போது பிளஸ் ஒன்னில் இருக்கிறான். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஆகவே இந்தச் சேவையை வீட்டிலிருந்தும் கூட்டங்களிலிருந்தும் பார்த்திருக்கிறேன். பள்ளியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். ஊர் சிறியது, பெயரைச் சொன்னால் எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை அக்கம்பக்கத்தார் எளிதில் கண்டுகொள்வார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் தயங்காமல் சம்மதம் கொடுங்கள். ஆனால் கோடை விடுமுறையில் அது நடக்குமா என்று கேட்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

சேவை முழுவதும் இலவசம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை வாழ்க்கைத் திறன் வகுப்பு நடக்கிறது. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஆலோசகர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வந்து, பேச விரும்பும் பிள்ளைகளைத் தனியே சந்திக்கிறார். பள்ளியின் ஆசிரியர்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இதற்கெனப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். ஆலோசகர் வராத நாள்களில் பிள்ளைகள் இவர்களிடம் போகலாம். இவ்வளவும் பள்ளிச் சுவருக்குள் நடப்பவை. சுவருக்கு வெளியே, ஊர்ப் பொதுக்கூடத்தில் மாலை ஐந்தரை மணி முதல் ஏழரை மணி வரை ஒரு படிப்பு மையம் இயங்குகிறது. கல்லூரி முடித்த அல்லது கல்லூரியில் படிக்கும் ஊர் இளைஞர்கள் அதை நடத்துகிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் இருவர் மாறி மாறி உடன் இருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இயங்கும் மனநலப் பிரிவுக்கு நிறுவனத்தின் பணியாளரே குடும்பத்தாரை அழைத்துப் போகிறார்.

இதில் எது முக்கியம் என்று கேட்டால், மாலை மையம்தான் என்று தயங்காமல் சொல்வேன். பள்ளியில் ஆலோசகரை வைப்பது இப்போது பரவலாகப் பேசப்படும் செய்தி. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வழங்கிய தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றும், அதற்குக் குறைவான மாணவர்கள் உள்ளவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆயினும் ஆலோசகர் ஒருவரை நியமித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பிள்ளைகள். பாதிப்பு என்று பெயர் சூட்ட முடியாத, ஆனால் இரவில் உறக்கத்தைக் கெடுக்கிற துயரங்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும். வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒருவர், எவ்வளவு திறமையுள்ளவராக இருந்தாலும், அத்தனை பேரையும் எப்படிப் பார்க்க முடியும்? பள்ளிக் கல்வித் துறை முன்பு நடமாடும் ஆலோசனை மையங்களை ஏற்படுத்தியபோதும் இதே சிக்கல்தான் வந்தது. ஒரு வாகனமும் ஓர் உளவியலரும் பல மாவட்டங்களைச் சுற்ற வேண்டியிருந்தது.

மாலை மையத்தில் இருப்பவர்கள் உளவியலர்கள் அல்லர். அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் அடிப்படையிலான பயிற்சிதான் அவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், உரிய உதவியோடு சேர்த்துவிடு. அறிவுரை சொல்லக் கூடாது; குடும்பச் சண்டையில் தீர்ப்பு வழங்கக் கூடாது; கேட்டதை வெளியே பேசக் கூடாது. இந்த மூன்று தடைகளையும் தன்னார்வலர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்பதை நிறுவனம் மாதம் ஒரு முறை உட்கார்ந்து பரிசீலிக்கிறது. மையத்துக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்குப் போடவும் ஆங்கிலம் படிக்கவும்தான் வருகிறார்கள். அதுதான் இதன் பலம். மனநல மையம் என்று பலகை வைத்திருந்தால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் படியேறியிருக்காது. படிப்பு மையத்துக்குப் போகும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே தினமும் பார்க்கிற ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ, கணக்கு நோட்டை மூடும் நேரத்தில், வீட்டில் நடப்பதைப் பிள்ளைகள் மெல்லச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

பேரிடர் அனுபவம் உள்ள எங்கள் கரைக்கு இந்த முறை புதிதும் அன்று. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் வந்த மாதங்களில் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தின் வழிகாட்டுதலில் தமிழகக் கரையோரத்தில் ஆசிரியர்களும் ஊர்த் தொண்டர்களும் உளசமூக ஆதரவுப் பயிற்சி பெற்றார்கள். மனநல மருத்துவர்கள் போதாத இடத்தில் ஊராரைத் தயார்ப்படுத்துவதுதான் வழி என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனால் நிவாரணம் ஓய்ந்தபோது அந்தப் பணியும் ஓய்ந்தது. பிறகு 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தது. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையாற்று வெள்ளமும் வந்தன. ஒவ்வொரு முறையும் அரிசியும் போர்வையும் விரைவாக வந்து சேர்ந்தன. பிள்ளைகளின் அச்சத்தைக் கேட்க ஆள் வந்து சேர்வதற்குள் பள்ளித் தேர்வு வந்துவிடும். நிரந்தரமாக ஊரில் இருக்கும் ஏற்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

என் அக்கா மகனின் கதை அந்த 2024 வெள்ளத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவனுடைய சம்மதத்தைக் கேட்டு, அவன் விடச் சொன்னவற்றை விட்டு எழுதுகிறேன். வெள்ளம் வடிந்த பிறகு அவன் வழக்கம்போலவே பள்ளிக்குப் போய்வந்தான். புத்தகங்கள் நனைந்து போயிருந்தன, புதியவை கிடைத்தன. ஆனால் மேகம் கறுத்தால் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். அக்காவும் அத்தானும் அதைப் படிப்பில் சோம்பல் என்றே எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு என்பதால் ஏச்சும் கூடியது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, மழை நாள்களில் மட்டுமே இவன் வருவதில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவனுடைய வகுப்பாசிரியை. பயிற்சி பெறாத ஆசிரியர் விடுப்புக் கடிதம் கேட்டிருப்பார். இவர் ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் அவனோடு பேசினார். அதற்கு மேல் அவன் சொல்ல மறுத்ததை, மாலை மையத்தில் அவனுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறான். வெள்ளத்தன்று இரவு தண்ணீர் ஏறியபோது பாட்டியைத் தூக்க முடியாமல் தான் மட்டும் மேட்டுக்கு ஓடியதாகவும், பாட்டி பிழைத்துக்கொண்டாலும் அந்த நினைவு மழைச் சத்தம் கேட்டதும் வந்துவிடுவதாகவும்.

அந்த இளைஞர் இதை வீட்டில் வந்து சொல்லவில்லை. அவனிடமே கேட்டார்: “இத மிஸ்கிட்ட நீயே சொல்றியா, நான் கூட வரட்டுமா?” இருவரும் சேர்ந்து போனார்கள். பிறகுதான் ஆலோசகர் அக்காவை அழைத்துப் பேசினார். மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்றதும் அக்கா என்னிடம் வந்து அழுதாள். நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்பதே அவளுடைய முதல் கவலை. நிறுவனத்தின் பணியாளரும் நானும் உடன் போனோம். மருத்துவர் அவனைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் கேட்டார். உறக்கம், உணவு, பள்ளி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் வழிகளைச் சொல்லி, ஆலோசகரோடு தொடர்ந்து பேசச் சொன்னார். அப்போதைக்கு மருந்து தேவைப்படவில்லை. அவனுக்கு மழை இன்றும் பிடிப்பதில்லை. ஆனால் மழை நாளில் பள்ளிக்குப் போகிறான். ஒரு நாள் அவனே என்னிடம், “சித்தி, பாட்டிகிட்ட சொல்லிட்டேன். அவங்க சிரிச்சிட்டு, நீ ஓடுனதாலதான் ஆளுங்கள கூட்டிட்டு வந்தேன்னாங்க” என்றான்.

இந்தச் சங்கிலியில் வகுப்பாசிரியை, ஆலோசகர், மாலை மைய இளைஞர், நிறுவனப் பணியாளர், அரசு மருத்துவர் என ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் இல்லாதிருந்தாலும் அவன் வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கித் தின்றுகொண்டு இருந்திருப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளி மட்டும் நடத்தியிருந்தால் வருகைப் பதிவேட்டோடு நின்றிருக்கும். நிறுவனம் மட்டும் நடத்தியிருந்தால் அந்தப் பதிவேட்டை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இனிக் குறைகள். சேவையின்மேல் எனக்கு மதிப்பு உண்டு என்பதாலேயே அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் ஆலோசனை அறை ஆசிரியர் அறைக்கு எதிரே இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் வாசலில் நின்று பெயரைச் சொல்லி, கவுன்சலிங் மிஸ் கூப்பிடுவதாக அறிவிப்பார். நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாலைக்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். பையன்கள் ஒருவர்கூட வராமல் போனதற்கு இதுவே காரணம் என்று மேலாண்மைக் குழுவில் சொன்னோம். இப்போது அறை நூலகத்தின் உள்பக்கம் மாற்றப்பட்டிருக்கிறது. நூலக வேளையில் யாரும் போகலாம், பெயர் சொல்லி அழைப்பதில்லை. சொல்லித்தான் மாற்ற வேண்டியிருந்தது என்பது வருத்தம். சொன்னவுடன் மாற்றினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பையன்களின் வருகை இப்போது கூடியிருக்கிறது. ஆனால் பெண் பிள்ளைகளோடு ஒப்பிட இன்னும் குறைவு. ஆலோசகர் பெண் என்பதால் சில செய்திகளைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஆண் ஆசிரியருக்கும் பயிற்சி அளித்தது அதற்காகத்தான் என்றாலும், பாடம் எடுப்பவரிடமும் மதிப்பெண் போடுபவரிடமும் மனம் விட்டுப் பேசுவது எளிதாக இல்லை.

வாழ்க்கைத் திறன் வகுப்பின் நிலை இதைவிட மோசம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அது நன்றாக நடக்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பில் செய்த நாடகங்களைப் பற்றி இன்றும் பேசுகிறாள். கோபம் வந்தால் உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது, நண்பன் தவறான வழிக்கு அழைத்தால் எப்படி மறுப்பது, கைப்பேசியில் யாரோ படம் கேட்டால் யாரிடம் சொல்வது என்பனவற்றையெல்லாம் நடித்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்தால் அந்தப் பாடவேளையைக் கணக்கும் இயற்பியலும் விழுங்கிவிடுகின்றன. விளையாட்டு வேளைக்கு நேர்ந்த கதியே இதற்கும். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத்தான் இந்த வகுப்பு மிகவும் தேவை என்பதைத் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்கிறார். தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி மேலிருந்து கேள்வி வரும்போது என்ன செய்வது என்றும் கேட்கிறார். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றமும் பயிற்சிக் கூட்டங்களுமாக ஆசிரியர்கள் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த வகுப்பை ஆசிரியரிடம் விடாமல் நிறுவனத்தின் ஆள்களே எடுக்கட்டும், கால அட்டவணையில் மாற்ற முடியாத வேளையாக அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆள் மாறுவது இன்னொரு குறை. முதலில் வந்த ஆலோசகர் கல்வியாண்டின் நடுவிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார். நிறுவனத்துக்கு நிதி ஆண்டு ஒப்பந்தமாக வருகிறது, ஊதியம் குறைவு, நல்ல இடம் கிடைத்தால் போகாதிருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தன் வீட்டு நிலைமையை ஒரு முறை சொல்வதற்கே மாதங்கள் எடுத்துக்கொண்ட பிள்ளை, புதிதாக வந்தவரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். பழையவர் புதியவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி, சில வாரங்களாவது இருவரும் சேர்ந்து வரும் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். அந்த இடைவெளியில் பிள்ளைகளைத் தாங்கியதும் மாலை மையம்தான். அங்கே இருந்தவர்கள் எங்கும் போகவில்லை, அவர்கள் ஊர்க்காரர்கள்.

ஊர்க்காரர்கள் என்பதிலும் ஒரு முள் இருக்கிறது. மாலை மையம் நடக்கும் பொதுக்கூடம் மீனவர் குடியிருப்பில் இருக்கிறது. அதே பள்ளியில் படிக்கும் காலனிப் பிள்ளைகள் பகலில் ஒன்றாக உட்கார்ந்தாலும் மாலையில் அந்தக் கூடத்துக்கு வருவதில்லை. யாரும் வரக் கூடாது என்று சொல்லவில்லை என்கிறார்கள். வரச் சொல்லவும் இல்லை என்பதே என் வருத்தம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பிள்ளைகளிடையே சாதி எப்படிப் புழங்குகிறது என்பதை நாடே பேசிய பின்னும், மனநல ஆதரவுக்கான இடத்தை ஒரு தெருவுக்குள் வைப்பது சரியில்லை. அவமானமும் ஒதுக்கலும் மனத்தைக் காயப்படுத்தும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பவை; அந்தக் காயம் உள்ள பிள்ளைக்கே கதவு திறக்காத மையம் பாதி மையம்தான். பள்ளியின் ஒரு வகுப்பறையை மாலையிலும் திறந்துவிடலாம், அல்லது காலனியில் இரண்டாவது மையம் தொடங்கலாம். முதல் வழியே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் பள்ளி எல்லாருக்கும் பொது. இரவுக் காவலரும் கழிப்பறைச் சாவியும் தடையாகச் சொல்லப்படுகின்றன. தீர்க்க முடியாத தடைகள் அல்ல.

உதவி எண்களைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிச் சுவரில் மூன்று எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண்; தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கும் மனநலச் சேவை இதுதான், நாள் முழுவதும் தமிழில் பேசலாம். 14417 என்பது பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மூன்றையும் ஒரே அளவில், விளக்கமின்றி, அடுத்தடுத்து எழுதியிருந்தார்கள். ஓர் இலக்கமே வேறுபடும் இரண்டு எண்களை மனக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? எந்த எண் எதற்கு என்பதைப் பெரிய எழுத்தில், பிள்ளைகளின் மொழியில் எழுதுமாறு கேட்டோம். மாணவர்களே வரைந்து மாற்றினார்கள். வேறு பள்ளிகளின் பெற்றோரும் தங்கள் பள்ளிச் சுவரை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியும் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் அதில் ஒரு கடிதமும் விழாது.

சம்மதப் படிவம் எனக்கு ஓரளவு நிறைவு தந்தது. பிள்ளை சொல்வது பள்ளிக்கோ பெற்றோருக்கோ அப்படியே தெரிவிக்கப்படாது என்றும், பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்லப்படும் என்றும், பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்றும் எளிய தமிழில் எழுதியிருக்கிறார்கள். இதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தபோது ஒரு தகப்பனார் எழுந்து, “என் புள்ள பேசுனத எனக்கே சொல்ல மாட்டேன்னா எப்படிங்க மேடம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆலோசகர் அவரைக் கடிந்துகொள்ளாமல், பிள்ளையே தங்களிடம் வந்து சொல்லும்படி செய்வதுதான் எங்கள் வேலை என்று விளக்கினார். ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் நிரப்பி வாங்கிய வினாத்தாள்களில் வரிசை எண் இருந்தது. அவை யாருடைய அலமாரியில், யார் கையில் சாவியோடு இருக்கின்றன என்பதற்கு எழுத்துப்பூர்வமான விடை எங்களுக்கு இன்னும் வரவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவோரின் தகவலைக் காக்கும் உரிமையை வலியுறுத்துகிறது. பள்ளியில் நிரப்பப்படும் தாளுக்கும் அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

இப்போது கோடை விடுமுறைக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் இந்தத் தடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விசைப்படகில் பங்குக்குப் போகும் ஆண்கள் இரண்டு மாதம் வீட்டில் இருக்கிறார்கள். அரசு தரும் நிவாரணம் குடும்பச் செலவுக்குப் போதாது. குழுக் கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. கடன், குடி, சண்டை எல்லாம் உச்சத்துக்குப் போகும் காலம் இதுதான். மே மாதத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் வருகின்றன. நீட் தேர்வும் மே மாதத்தில்தான் நடக்கிறது. வீட்டில் பணம் இல்லாத, தகப்பன் எரிச்சலோடு இருக்கும் நாள்களில் பிள்ளையின் மதிப்பெண் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. மேலே படிக்க வைக்க முடியுமா, பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசலாமா என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகின்றன.

அந்த நேரத்தில் பள்ளி பூட்டியிருக்கிறது. ஆலோசகருக்குப் பள்ளி நாள்களுக்கு மட்டுமே ஊதியம் என்பதால் அவரும் வருவதில்லை. மாலை மையமும், படிப்பு இல்லை என்ற காரணத்தால், சென்ற ஆண்டு மே மாதம் முழுவதும் நடக்கவில்லை. ஆண்டு முழுவதும் நன்றாக இயங்கிய ஏற்பாடு, மிகவும் வேண்டப்படும் வாரங்களில் இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. தேர்ச்சி பெறாதவர்களுக்கு அந்த ஆண்டிலேயே துணைத் தேர்வும் இருக்கிறது. பிள்ளைகளின் சுமையைக் குறைத்த நல்ல முடிவுகள் இவை. ஆனால் துணைத் தேர்வு இருக்கிறது, விண்ணப்பிக்க இத்தனை நாள் இருக்கிறது என்பதை முடிவு வந்த அன்று மாலையே பிள்ளையின் வீட்டுக்கு வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். தேர்வு எழுதியவர்களைத் தேடிப் பேசுவது முடியாத செயல் அன்று. 2021-இல் நீட் எழுதிய மாணவர்களை அரசே 104 என்ற மருத்துவ உதவி எண் சேவையின் ஆலோசகர்கள் மூலம் தொலைபேசியில் அழைத்துப் பேசச் செய்தது. மாநிலம் முழுமைக்கும் செய்ய முடிந்ததை, ஒரு பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊர் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்ய முடியாதா?

சென்ற கோடைக்குப் பிறகு நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். ஊர்ப் பஞ்சாயத்தார் இருவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், தடைக் காலத்தில் வலை பின்னும் இடத்திலேயே ஆண்களைக் கூட்டிவைத்துப் பேச ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேச அழைத்தால் பள்ளிக்கு வருவது தாய்மார்கள்தாம். அப்பாக்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்ற அவருடைய யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும் என்றும் சொல்லிவிட வேண்டும். படிப்பில் திடீர்ச் சரிவு, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, உறக்கம் கெடுவது, அடிக்கடி காரணம் தெரியாத உடல் வலி, தேர்வு அச்சம், வீட்டுச் சண்டையின் பாதிப்பு ஆகியவற்றுக்கு இங்கே நல்ல உதவி கிடைக்கும். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால், ஆலோசகர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், போகும் வழியிலேயே 14416-ஐ அழையுங்கள். புதுச்சேரி எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறையும் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி இந்தச் சேவையில் இல்லை.

வரும் கோடைக்கு மாலை மையத்தை ஏப்ரல், மே இரு மாதங்களும் திறந்துவைக்கவும், தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஆலோசகர் தினமும் ஊருக்கு வரவும் நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கான ஊதியத்தில் ஒரு பகுதியைப் பஞ்சாயத்தார் ஏற்கிறார்கள். முடிவு வெளியாகும் நாளில் எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்ற பட்டியலை வகுப்பாசிரியர்கள் முன்கூட்டியே தர வேண்டும்; அந்தப் பட்டியலை யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறோம். பள்ளியின் கையெழுத்து மட்டும் இன்னும் வர வேண்டியிருக்கிறது. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.